விட்டுக்கொடுத்து ஆடாதே தம்பி

ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு ஊரே சேர்ந்து சொல்லும் யோசனை ஒன்றுதான்: "நடங்க." சர்க்கரை பார்க்கிற டாக்டர் சொல்கிறார். எலும்பு டாக்டர் சொல்கிறார். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் பையன், முப்பது வயதுகூட ஆகாதவன், "டெய்லி பத்தாயிரம் ஸ்டெப்ஸ் சார்" என்று கையில் கட்டிய வாட்ச்சைத் திருப்பிக் காட்டுகிறான். சரி, நடக்கிறேன். திருச்சியில் விடிகாலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் பாதி ஊர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் அதில் ஒருவன்.

நடப்பதில் எனக்கு ஒரே குறைதான். எதிரே யாரும் இல்லை. நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று கண் கொட்டாமல் பார்க்கிறவர் அங்கே கிடையாது. நான் தோற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவரும் கிடையாது. பின்னால் வருகிறவர் என்னை முந்திக்கொண்டு போனால், "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்த குட் மார்னிங் வேண்டாம். முந்தினால் முந்திய திமிர் கொஞ்சமாவது முகத்தில் தெரிய வேண்டும், அடுத்த சுற்றில் அதை அடக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்க வேண்டும்.

நான் ஆடியது பூப்பந்து. சொன்னவுடன் "ஓ, ஷட்டிலா?" என்பார்கள். இல்லை. ஷட்டில் என்பது ஐந்து கிராம் சொச்சம் எடையுள்ள இறகு. எங்களுடையது மஞ்சள் கம்பளிப் பந்து, 27லிருந்து 30 கிராம் வரை இருக்கும். கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பரப்பளவில் மூன்று ஷட்டில் கோர்ட்டைவிடப் பெரியது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு, நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு. பேட்டும் கனம்தான், 165 கிராமுக்குக் குறையாது, ஷட்டில் பேட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூரை இல்லாத இடத்தில், மண் தரையில், காற்று அடிக்கும்போதும் ஆடலாம். கம்பளி நரம்பில் பட்டதும் ஒரு கணம் கடித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் பந்து நெட்டைத் தாண்டிய பிறகு தன் இஷ்டத்துக்கு வளையும். எதிராளி பேட்டை நீட்டிய இடத்தில் பந்து இருக்காது. அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் படிப்பைக் கோட்டை விட்டார்கள்.

இந்த ஆட்டம் எங்கள் மண்ணில் பிறந்தது என்பதில் தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. 1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தார் கம்பளிப் பந்தை வைத்து ஆடியதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வருஷத்தின் மேல் ஒரு கண். 1855இல்தான் தஞ்சையின் கடைசி மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ராஜ்ஜியத்தை முடித்துவைத்தார்கள். படையும் இல்லை, வரிக்கணக்கும் இல்லை, அரண்மனை முற்றம் மட்டும் மிச்சம். அந்த முற்றத்தில் அவர்கள் நெட்டைக் கட்டிக்கொண்டு பந்தடித்திருந்தால், ராஜ்ஜியம் போனவர்களுக்கு ஜெயிக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். இது சரித்திரம் இல்லை, என் கற்பனை. ஆனாலும் நடைப்பயிற்சிக்குப் போகாமல் பந்தடித்தார்களே என்று அவர்கள்மேல் ஒரு மரியாதை.

எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், ரயில் ரோட்டை ஒட்டி. கோர்ட் போடுவதே அங்கே ஒரு பெரிய வேலை. டெல்டா மண் களி. கோடையில் கால் விரல் நுழையும் அளவு வெடித்துவிடும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் வல்லம் பக்கத்திலிருந்து டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, ஆற்று மணல் கலந்து, தண்ணீர் தெளித்து, பஞ்சாயத்து ரோலரைக் கெஞ்சி வாங்கி உருட்டுவோம். சாயங்காலம் நான்கு மணிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியவர்கள் யார் என்று முறை உண்டு. சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு மட்டும் யாரையும் விடமாட்டார்கள். அதற்கென்று ஒரு ஆள் இருந்தார், தபால் ஆபீஸில் வேலை. கயிறு பிடித்து, குத்த வைத்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கோடு போடுவார். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் சென்டர். பூப்பந்தில் சென்டர் என்றால் முன்னால் விழுவதையும் எடுக்க வேண்டும், பின்னால் இருக்கிற இருவருக்கும் நடுவே போவதையும் எடுக்க வேண்டும், எடுக்க முடியாததற்குத் திட்டும் வாங்க வேண்டும். மே மாதம் வந்தால் டோர்னமென்ட். ஊருக்கொரு நேதாஜி, பாரதி என்று கழகங்கள். ஃபோகஸ் லைட் கட்டி ராத்திரி முழுக்க ஆட்டம். மைக்கில் ஸ்கோர் சொல்கிறவருக்கு ஆட்டத்தைவிடத் தன் குரல் பிடித்துப்போய், இடையிடையே கவிதை சொல்வார். அப்போது ஒரு செட்டுக்கு 29 பாயிண்ட். இப்போது 35 ஆக்கிவிட்டார்கள். நன்றாக ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும், ஐ.சி.எஃப்.பில் எடுப்பார்கள் என்று ஒரு கனவு எல்லோருக்கும் இருந்தது. சிலருக்குக் கிடைக்கவும் செய்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நான் மாவட்டத்தைத் தாண்டாதவன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

இப்போது நினைத்தால் கோப்பையும் சர்டிஃபிகேட்டும் மங்கலாகத்தான் தெரிகின்றன. தெளிவாகத் தெரிவது ஒரு ஆள். பக்கத்து ஊர் டீமின் சென்டர். கூட்டுறவு சொசைட்டியில் உர மூட்டை எடை போடுகிற வேலை அவருக்கு. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, இடது கைக்காரர், சிரிக்கவே மாட்டார். என் பேக்ஹேண்டில் தோள் உயரத்துக்கு வருகிற பந்தை நான் சரியாக எடுக்கமாட்டேன் என்று கண்டுபிடித்த முதல் மனிதர் அவர்தான். எனக்கே அது தெரியாது. ஒரு ஃபைனலில் வரிசையாக அங்கேயே போட்டார். அந்த வருஷம் முழுக்க நான் சுவரில் பந்தடித்து அந்த ஓட்டையை அடைத்தேன். அடுத்த மே மாதம் முதல் இரண்டு பந்து அங்கே வந்தது, எடுத்தேன். மூன்றாவது பந்து வரவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பேட்டை மாற்றிப் பிடித்தார், வேறு இடம் தேட ஆரம்பித்தார்.

அந்தப் பார்வையைப் போல ஒரு பாராட்டு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. டீக்கடையில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். ஆனால் என் தோள் எங்கே தயங்கும், எந்த நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கும், பயந்தால் நான் எந்தப் பக்கம் அடிப்பேன் என்று அவர் அளவுக்கு ஆராய்ந்து வைத்திருந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. கட்டிய மனைவிக்குக்கூட என் பேக்ஹேண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சரி, உடம்புக்கு வருகிறேன்.

முட்டிதான் முதலில் போகும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு முதலில் போனது கண். நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைத்துவிடுகிறது, கிட்டத்தில் இருப்பது தெளியாது. அதற்கு ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போட்டார்கள். மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் பேப்பர் படிக்கிற பவர். பேப்பர் படிக்கச் சௌகரியம்தான். கோர்ட்டில், காலடிக்கு வருகிற பந்தை அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பந்து திடீரென்று பெரிதாகி, மங்கி, இடம் மாறும். போதாததற்கு வயதாக ஆகக் கண்மணியும் சுருங்கிப்போகிறது. வெளிச்சம் குறைந்தால் இளைஞர்களுக்கு விரிகிற அளவு நமக்கு விரிவதில்லை. ராத்திரி டோர்னமென்டில் ஃபோகஸ் லைட்டுக்கு நேரே பந்தைத் தூக்கினால் இருபது வயதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடித்துவிடுவேன். இப்போது அஸ்தமன நேரத்திலேயே பந்து எங்கே என்று தேடுகிறேன்.

அடுத்தது தோள். 49 வயதில் ஒருநாள் சட்டையை மாட்டக் கை பின்னால் போகவில்லை. உறைந்த தோள் என்றார்கள். நாற்பதிலிருந்து அறுபது வரைக்கும் வருகிற நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். எனக்குச் சர்க்கரையும் இருந்தது, வயதும் இருந்தது, ஆகவே பொருத்தம் பார்த்த மாதிரி வந்து உட்கார்ந்தது. ஃபிசியோதெரபிக்குப் போன இடத்தில் சுவரில் விரலால் நடக்கச் சொன்னார்கள். சிலந்தி ஏறுகிற மாதிரி ஏறி, வலிக்கிற இடத்தில் நின்று, இறங்க வேண்டும். ஒரு காலத்தில் ஸ்மாஷ் அடித்த கை.

அப்புறம்தான் கால். இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்பது பொதுவான கணக்கு. ஆனால் எல்லா தசை இழைகளும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சட்டென்று சுருங்குகிற இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. மெதுவாக, நீண்ட நேரம் உழைக்கிற இழைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. அதாவது நடக்கிறதுக்கு வேண்டியது இருக்கிறது, பாய்கிறதுக்கு வேண்டியது போய்விடுகிறது. ஒரு மூட்டையை மெதுவாகத் தூக்கும் பலம் குறைவதற்கு முன்னாலேயே, அதை வெடுக்கென்று தூக்கும் விசை குறைந்துவிடுகிறது. உடம்பே நம்மை நடக்கத் தயார்படுத்துகிறது, டாக்டர் அதை வழிமொழிகிறார்.

ஒன்று மட்டும் குறையவில்லை. எதிராளி தோளைத் திருப்பும் விதத்திலிருந்தே பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிடுகிறது. இருபது வயதில் பந்து வந்த பிறகு பார்த்து ஓடினேன், கால் காப்பாற்றியது. இப்போது பேட் பந்தைத் தொடும் முன்பே எனக்குத் தெரியும், இது இடது மூலைக்குப் போகிறது என்று. தெரிந்து என்ன செய்ய? நின்ற இடத்திலிருந்து "லெஃப்ட்டு!" என்று கத்தலாம். இடது மூலையில் நிற்கிற பையன் ஏற்கெனவே அங்கே போயிருப்பான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலி, கண்ணாடி, மூச்சு, இவையெல்லாம் எனக்கும் என் உடம்புக்கும் நடுவில் உள்ள தகராறு. எனக்கு வயதாகிவிட்டது என்று உறைத்த இடம் வேறு.

தோள் ஓரளவு சரியான பிறகு, வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஆள் குறைந்தது. "சார், ஒரு செட் வர்றீங்களா?" என்றான் ஒருவன். போனேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பந்து நெட்டைத் தாண்டி வந்தது, அடித்தேன், பாயிண்ட் கிடைத்தது, "செம சார்" என்றார்கள். இன்னொன்று. அதுவும் பாயிண்ட். நான்காவதோ ஐந்தாவதோ பந்தில்தான் புரிந்தது. எதிரே நின்ற பையன் மற்றவர்களுக்கு அடிக்கும்போது தோள் பின்னால் போகிறது. எனக்கு அடிக்கும்போது மணிக்கட்டு மட்டும் அசைகிறது. பந்து மிதந்து, இடுப்பு உயரத்தில், என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. பிள்ளை நல்ல பிள்ளை. வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். அவன் அப்பாவுக்கு என் வயது இருக்கும்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் ஸ்மாஷ் அடித்து என் மூக்குக் கண்ணாடியை உடைத்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

கோடு போடுகிற தபால் ஆபீஸ்காரரைச் சொன்னேன் அல்லவா? அவருக்கு அப்போது ரிட்டயர் ஆகிற வயது. லெஃப்ட் பேக்கில் நிற்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளே காக்கி டிராயர். அவர் பக்கம் யாராவது மெதுவாகப் பந்தைப் போட்டுவிட்டால் போச்சு. பந்தைக் கையால் பிடித்து, கோர்ட்டுக்கு வெளியே வாய்க்கால் வரைக்கும் விட்டெறிவார். "அடிக்க மனசில்லன்னா எதுக்குடா வந்தே? ஆத்தாளுக்குத் தண்ணி தூக்கிக் குடுக்கப் போ" என்பார். பந்தை எடுத்துவர யார் மெதுவாக அடித்தார்களோ அவர்களே போக வேண்டும். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாக வீட்டில் சொல்லிச் சிரிப்போம். அவர் கேட்டது என்னவென்று எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. அவரைத் தோற்கடிக்க நாங்கள் முழுசாக முயன்றால்தான் அவர் அந்தக் கோர்ட்டில் ஐந்தில் ஒருவர். இல்லாவிட்டால் அவர் கோடு போட வந்த ஆள்.

போட்டி விளையாட்டில் மரியாதை செலுத்துகிற முறையே தலைகீழ். வெளியே பெரியவர்களுக்கு இடம் விட வேண்டும், சீட் தர வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும். கோர்ட்டுக்குள் பெரியவர் நிற்கிற இடத்திலிருந்து எட்டாத தூரத்தில் பந்தைப் போட வேண்டும். அங்கே விட்டுக்கொடுப்பதுதான் அவமானம். இதை நான் அந்தப் பையனுக்கு எப்படிச் சொல்வது? "தம்பி, விட்டுக்கொடுத்து ஆடாதே, நல்லா அடி" என்று சொல்லிப் பார்த்தேன். "இல்ல சார், நல்லாத்தான் அடிக்கிறேன்" என்றான். இன்னும் மரியாதையாக.

2025 மார்ச் மாதம் சென்னையில் சரத் கமல் கடைசியாக ஆடிய போட்டியை நான் அதனால்தான் அவ்வளவு ரசித்தேன். டேபிள் டென்னிஸில் நாற்பது வயதில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கிய மனிதர். முதல் ஒற்றையர் தங்கம் 2006இல், அடுத்தது 2022இல், நடுவில் பதினாறு வருஷம். சொந்த ஊரில், நேரு உள்விளையாட்டரங்கத்தில், இதுதான் என் கடைசிப் போட்டி என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். எதிரே சினேகித் சுரவஜ்ஜுலா, இளம் இந்திய வீரர். அரங்கம் முழுக்க சரத்துக்காகக் கத்துகிறது. அந்தப் பையன் ஒரு பந்துகூட இரக்கத்தில் போடவில்லை. நேர் கேம்களில் ஜெயித்துவிட்டான். பலர் அதைச் சோகம் என்று எழுதினார்கள். நான் பொறாமைப்பட்டேன். 42 வயதில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதையை அந்தப் பையன் அவருக்குச் செய்தான்.

இன்னொருவர் எங்கள் மாவட்டத்துக்காரர், கபடி வீரர் தர்மராஜ் சேரலாதன். 2019 புரோ கபடியில் ஹரியானா அணிக்குக் கேப்டன், வயது 44. கூட ஆடியவர்களில் பலர் அவர் மகன் வயது. கபடியில் இது எப்படி முடிந்தது என்றால், அவர் ரெய்டர் இல்லை, தடுக்கிறவர். ரெய்டு போகிறவனுக்கு வெடிப்பு வேண்டும், நான் மேலே சொன்ன அந்தச் சட்டென்று சுருங்கும் இழை வேண்டும். ஓரத்தில் காத்திருந்து கணுக்காலைப் பிடிக்கிறவனுக்கு வேண்டியது காலக்கணக்கு. எதிராளி காலை எப்போது நீட்டுவான் என்று கபடி பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கும். உடம்பு தேய்வதற்கு முன்னால் ஆட்டத்தில் தன் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார் அவர். நான் சென்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன்.

பூப்பந்திலேயே ஒரு அதிசய மனிதர் உண்டு. வாரங்கலில் வாழ்ந்த ஜம்மலமடகா பிச்சையா. பூப்பந்துக்கு முதன்முதலில் அர்ஜுனா விருது வாங்கியவர் அவர்தான், 1970க்கான விருது. 1918இல் பிறந்தவர் என்பதால் விருது வரும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். நூறு வயதுக்கு மேல் இருந்து 2021 டிசம்பரில் காலமானார். செய்தித்தாளில் ஒரு சின்னப் பெட்டியில் போட்டிருந்தார்கள். நான் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அந்த ஆட்டத்தை யாரும் இனி பெரிய எழுத்தில் போடப்போவதில்லை என்பது தெரிந்த விஷயம்தான். மண் கோர்ட்டுக்கு இடம் இல்லை, இருக்கிற இடத்தில் கூரை போட்டு மேட் விரித்து ஷட்டிலுக்கு மணிக்கணக்கில் வாடகை விடுகிறார்கள். வாடகை ஷட்டிலில் நாலு பேர் போதும். பத்துப் பேரைச் சேர்த்து நெட்டைக் கட்ட இந்தக் காலத்தில் ஒரு கல்யாணம் நடத்துகிற உழைப்பு வேண்டும்.

மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருக்கிறது. உலக அளவில் 35 வயதிலிருந்து ஆரம்பித்து ஐந்தைந்து வருஷமாகப் பிரித்து ஓடவிடுகிறார்கள். 2022இல் ஃபின்லாந்தின் டாம்பெரே நகரத்தில் பகவானி தேவி என்ற பாட்டி 94 வயதில் நூறு மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். வீடியோவைப் பார்த்து எல்லோரும் "எவ்வளவு க்யூட்" என்று பகிர்ந்தார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிகிறது. அந்தப் பாட்டி க்யூட்டாக ஓடவில்லை. பக்கத்துப் பாட்டியைத் தோற்கடிக்க ஓடினார். வயதுவாரியாகப் பிரிப்பதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. யாரும் யாருக்கும் சலுகை காட்ட வேண்டியதில்லாதபடி செய்கிற ஏற்பாடு அது. அறுபதுக்கு எதிரே அறுபது நின்றால் இருவரும் கூச்சமில்லாமல் கொலைவெறியோடு ஆடலாம்.

என் புலம்பலை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி கல்லூரியில் கோ-கோ ஆடியவள். ரன்னர். உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடி, துரத்துகிறவளைத் தூண் பக்கம் இழுத்துக்கொண்டுபோய் ஏமாற்றுவதில் கெட்டிக்காரி என்று அவள் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒரு முறையும் பார்த்ததில்லை. ஏனென்றால் அவளுக்கு 22 வயதிலேயே எனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். போன வருஷம் ஒருநாள் தோள் வலியைச் சொல்லி நான் முனகியபோது அவள் சொன்னாள்: "உங்களையாவது உடம்பு நிறுத்துச்சு. என்னைக் கல்யாணப் பத்திரிகை நிறுத்துச்சு." பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 2025 ஜனவரியில் டெல்லியில் கோ-கோ உலகக் கோப்பை நடந்தபோது டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். இந்தியப் பெண்கள் கோப்பையை வாங்கினார்கள். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒரு பெண் தவறான பக்கம் திரும்பி அவுட்டானபோது "அங்க ஏண்டி போனே!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே குதிகால் தரையை விட்டு எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கால்கள் எதிராளி இல்லாமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்திருக்கின்றன. ஆண்கள் எழுதுகிற விளையாட்டு ஏக்கக் கட்டுரைகளில், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பெண்கள் கதை எப்போதும் கடைசிப் பத்திக்கு முன்னால் ஓரமாகத்தான் வருகிறது. அவள் கதையை அவளே எழுதினால் இதைவிட நன்றாக இருக்கும். எழுதச் சொன்னேன். "அதுக்கு நேரம் யாரு குடுப்பா?" என்றாள்.

மாற்று ஏற்பாடுகள் என்று சில உண்டு. கேரம் ஆடிப் பார்த்தேன். கேரம் போர்டில் கிழவர்கள் யாருக்கும் தயவுதாட்சண்யம் காட்டுவதில்லை, அது பிடித்திருந்தது. ஆனால் உட்கார்ந்து ஆடுவதில் எனக்கு மனசு ஒட்டவில்லை. சீட்டாட்டத்தில் காசு வந்துவிடுகிறது. டிவியில் கிரிக்கெட் பார்ப்பதை விளையாட்டில் சேர்க்க மாட்டேன்.

கடைசியில் பொன்மலைப் பக்கம் ஒரு கூட்டம் ஆடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். எல்லோரும் ஐம்பதுக்கு மேல். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்கள் பாதி, மீதி என்னைப் போல அங்கும் இங்கும் உதிர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம். போய் நின்றதும் ஒருவர் கேட்டார், "என்ன ப்ராப்ளம்?" எனக்கு முதலில் புரியவில்லை. "தோளா, முட்டியா, முதுகா?" என்றார். தோள் என்றேன். "ரைட் கைதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். இரக்கத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆட்டம் ஆரம்பித்ததும் எல்லாப் பந்தும் என் தலைக்கு மேலே, வலது தோளைத் தூக்கினால்தான் எடுக்க முடிகிற உயரத்தில் வந்து விழ ஆரம்பித்தது. அங்கேயே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

அவருக்கு 61 வயது, இடது முட்டி மாற்றியது. அதனால் நான் அவருடைய இடது பக்கம், கொஞ்சம் முன்னால் போடுகிறேன். அவருக்கு அது தெரியும். எனக்கு அவர் திட்டம் தெரியும். கோர்ட்டின் அளவு அதேதான், குறைக்கலாமா என்று ஒருவர் பேச்செடுத்தபோது மற்றவர்கள் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பயிற்சிக்கு முன்னால் கால் மணி நேரம் கை காலை நீட்டி மடக்குகிறோம், ஏனென்றால் குதிகால் தசைநாண் அறுந்து ஒருவர் மாதக்கணக்கில் படுத்துவிட்டார். சர்க்கரைக்காரர்கள் பையில் மிட்டாய் வைத்திருக்கிறோம். "பாத்து சார்" என்று கோர்ட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்பது எழுதாத விதி. சொன்னால் சர்வீஸ் போய்விடும்.

நடக்கிறதையும் விடவில்லை. ஞாயிறு ஆட வேண்டுமானால் மற்ற நாள் நடந்தாக வேண்டும் என்பதால் இப்போது கொஞ்சம் வேகமாகவே நடக்கிறேன். நடக்கும்போது என் மனசில் ஓடுவது முட்டி மாற்றியவரின் சர்வீஸ். அவர் சர்வீஸ் போடுமுன் பந்தை ஒரு தரம் சட்டையில் தேய்ப்பார். தேய்த்தால் வெட்டிப் போடுவார், தேய்க்காவிட்டால் நேராக வரும். இது எங்கள் டீமில் இன்னும் யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

போன ஞாயிறு 34-33. எங்களுக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தால் செட். அவர் அடித்த பந்து எங்கள் பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், சுண்ணாம்பு கலையவே இல்லை, கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஈர மண்ணில் பந்து பட்ட தடம் சுத்தமாகத் தெரிந்தது. "அவுட்" என்றேன். அவர் அந்த மாற்று முட்டியை இழுத்துக்கொண்டு நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார், "எங்க, காட்டுங்க" என்றார், நான் காட்டுவதற்குள் அந்தத் தடத்தின் மேலேயே செருப்புக் காலை வைத்துத் தேய்த்துவிட்டு, "கோட்டு மேலதான் விழுந்திருக்கு, பாருங்க" என்கிறார். எண்ணெய் பலகாரம் வாங்கிவந்தவர், அம்பயர் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், எல்லோருமாகச் சேர்ந்து அரை மணி நேரம் கத்தினோம். வாட்ஸ்ஆப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவுட்.